பின்பனியில் பூக்கும் பாலை

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பாலைத் திணைக்கு வேனிலை உரிய பொழுதாக வகுத்த தொல்காப்பியம், பின்பனியும் அதற்கு உரியதுதான் என்று சேர்த்துச் சொல்கிறது. நம் அகமரபில் அது பிரிவின் பொழுது. அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், அரிசோனா மாநிலத்தின் தென்பாதியையும் மெக்சிகோவின் வடமேற்கையும் அளாவிக் கிடக்கும் சொனோரன் பாலைவனத்தில் அதே பின்பனி பூவின் பொழுது. பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவுக்குள் குன்றுகளின் சரிவெல்லாம் மஞ்சள் பூசிக்கொள்கிறது. சிகாகோவில் தெருவோரப் பனிக்குவியல் இன்னும் கரையாத நாட்களில், டூசான், ஃபீனிக்ஸ் நகரங்களின் வீட்டு முற்றங்களில் ஃப்ரீசியா மணக்கிறது. பார்க்கிறவர்களுக்கு, இவையெல்லாம் வெயிலுக்குப் பயந்து, அது வந்து சேர்வதற்குள் அவசர அவசரமாகப் பூத்துவிட்டு ஓடிப்போகும் செடிகள் என்று தோன்றும். பாலையில் புதிதாகக் குடியேறித் தோட்டம் போடுகிறவர்கள் பலரும் அப்படியே நம்புகிறார்கள். கோடையைப் பகையாக நினைத்து, அதிலிருந்து கிழங்குகளைக் காப்பாற்றுவதாகத் தண்ணீரும் உரமுமாகக் கொட்டி, கடைசியில் அழுகக் கொடுக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பின்பனியில் பூக்கும் பூவைக் கோடைதான் ஆக்குகிறது. கோடையில் தூங்கத் தெரிந்த செடியைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தூக்கத்தைக் கலைக்காமல் விட்டுவிடத் தெரிந்தால் பாலைத் தோட்டக்கலையில் பாதி கைவந்துவிடும்.

முதலில் அந்த நிலத்தின் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியர் கொண்டுவந்த நான்கு பருவக் கணக்கு சொனோரன் பாலைக்குப் பொருந்துவதில்லை. அங்குள்ள இயற்கையாளர்கள் ஆண்டை ஐந்தாகப் பிரிக்கிறார்கள்: குளிர்காலம், வசந்தம், மே ஜூன் மாதங்களின் வறண்ட முன்கோடை, ஜூலையில் இடியோடு வரும் மழைக்கோடை, அதன்பின் இலையுதிர்காலம். பெரும்பொழுதை ஆறாகப் பிரித்துப் பழகிய நமக்கு இது அந்நியமாகப் படாது. மழையும் இரண்டு வகை. குளிர்காலத்தில் பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் மேகங்கள் மணிக்கணக்கில் நிதானமாகத் தூறும். மண் ஆழம்வரை நனையும். கோடை மழையோ அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஃபீனிக்ஸில் சுமார் 180 மில்லிமீட்டர், டூசானில் சுமார் 270 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் ஒன்றான தூத்துக்குடியிலேயே 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது என்பதோடு ஒப்பிட்டால் அந்த நிலத்தின் தாகம் புரியும். வெயிலோ இன்னும் கடுமை. 2023ஆம் ஆண்டு ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அத்தகைய நாளில் திறந்த மண்ணின் மேற்பரப்பு 60 டிகிரிக்கும் மேலே போகும். ஆனால் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போனால் அந்தக் கொதிப்பு வெகுவாகத் தணிந்துவிடுகிறது. கிழங்கு என்ற ஏற்பாடே அந்த ஒரு சாணை நம்பித்தான்.

இந்தக் காலக்கணக்குக்கு அங்குள்ள செடிகள் மூன்று விதமாக ஈடுகொடுக்கின்றன. முதலாவது, விதையாகவே கோடையைக் கழிப்பது. பொன்னிறப் பாப்பி, ஊதா லூப்பின் போன்ற ஒருபருவச் செடிகள் இப்படித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலான நாட்களில் ஒரே மூச்சில் சுமார் 25 மில்லிமீட்டர் மழையாவது பெய்தால்தான் அவை கண் திறக்கும்; விதைத்தோலில் உள்ள, முளைப்பைத் தடுக்கும் பொருளைக் கழுவிவிட அவ்வளவு நீர் வேண்டும். அப்போதும் எல்லா விதையும் முளைப்பதில்லை. டூசானை ஒட்டிய டூமாமாக் குன்றில் 1903இல் கார்னகி நிறுவனம் தொடங்கிய பாலைவன ஆய்வுக்கூடம் இன்றும் இருக்கிறது. அங்கே லாரன்ஸ் வெனபிளும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்திலிருந்து சின்னச் சின்னக் கட்டங்களில் ஆண்டுதோறும் ஒவ்வொரு செடியையும் எண்ணிவருகிறார்கள். நல்ல மழை பெய்த ஆண்டிலும் ஒரு பங்கு விதை உறங்கியபடியே இருந்துவிடுகிறது. எந்த இனத்துக்கு ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் அதிகமாக ஏறி இறங்குகிறதோ, அந்த இனத்தின் விதைகளே அதிகமாகக் காத்திருக்கின்றன என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து வெளிவந்த உண்மை. கணித முறையில் டான் கோஹன் 1966இலேயே ஊகித்துச் சொன்னதுதான் இது. வீட்டில் உள்ள விதையையெல்லாம் முதல் மழையை நம்பி விதைத்துவிடாமல் ஒரு பங்கைக் குதிரில் வைத்துக்கொள்ளும் மானாவாரி விவசாயியின் கணக்கை அந்தக் கடுகளவு விதைகள் போடுகின்றன.

இரண்டாவது வகை, இலையை உதிர்த்துக் குச்சியாக நின்று கோடையைக் கடத்துவது. பிரிட்டில்புஷ் என்ற புதர்ச்செடிக்குக் குளிர்காலத்தில் வெள்ளி பூத்தாற்போன்ற இலைகள். பிப்ரவரியில் தலைக்கு மேலே மஞ்சள் பூக்கள். வெயில் ஏற ஏற இலைகள் சிறுத்து, வெண்முடி அடர்ந்து, முன்கோடையில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இதன் பிசினை ஸ்பானியப் பாதிரிமார்கள் சாம்பிராணிக்குப் பதிலாகப் புகைத்தார்கள். மூன்றாவது வகைதான் கிழங்கு. வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருப்பதையும் சேனைபோல் கெட்டியாக இருப்பதையும் தாவரவியல் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கும். நாம் எல்லாவற்றையும் கிழங்கு என்றே வைத்துக்கொள்வோம். சொனோரன் மணல்வெளியின் சொந்தக் கிழங்குச் செடி ஆஹோ லில்லி. ஆஹோ என்றால் ஸ்பானிய மொழியில் பூண்டு. பூர்வகுடிகள் அந்தக் கிழங்கைத் தோண்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளை எக்காளம்போன்ற பூக்கள், அலைபோல் நெளியும் இலைகள். உறவுமுறை பார்த்தால் லில்லியைவிடக் கற்றாழை வகையான அகேவுக்கே நெருக்கம். முழங்கை ஆழத்தில் புதைந்திருக்கும் அந்தக் கிழங்கு, மழை பொய்த்த ஆண்டுகளில் ஓர் இலைகூட வெளியே காட்டாமல் உறங்கிக்கொண்டே இருக்கும். விதை, குச்சி, கிழங்கு ஆகிய மூன்றுக்கும் ஆண்டு ஒரே மாதிரி ஓடுகிறது: அக்டோபரில் விழிப்பு, பின்பனியில் பூ, மே மாதத்துக்குள் உறக்கம்.

இதுவரை சொன்னதிலிருந்து, கோடையை அவை பொறுத்துக்கொள்கின்றன என்று மட்டும்தான் ஆகும். கோடை பூவை ஆக்குகிறது என்று ஆகாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை பூ வணிகர்களின் கிடங்குகளில் இருக்கிறது. ஃப்ரீசியாக் கிழங்கைத் தோண்டி எடுத்த கையோடு மறுபடி நட்டால் ஒழுங்காக முளைக்காது. அதனால் அவற்றைச் சுமார் 30 டிகிரி வெப்பத்தில் 10 முதல் 13 வாரங்கள் வைத்திருந்து, பிறகுதான் நடவுக்கு அனுப்புகிறார்கள். அதாவது, குளிர்ந்த நாடான ஹாலந்தில் மின்சாரம் செலவழித்து ஒரு செயற்கைக் கோடையை உண்டாக்கி அந்தக் கிழங்கின் உறக்கத்தை முடித்துவைக்கிறார்கள். அரிசோனாவின் மண் அதே வேலையை இலவசமாகச் செய்கிறது. கொத்துக்கொத்தாகப் பூக்கும் டசெட்டா வகை நார்சிசஸ் இன்னும் ஒரு படி மேலே. அதன் பூமொட்டு கிழங்குக்குள் உருவாவதே கோடையில்தான். அதற்கு உகந்த வெப்பம் 25 முதல் 30 டிகிரி. இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகளில் இந்தப் பூவை வணிகத்துக்குப் பயிரிடுகிறவர்கள், உறங்கும் கிழங்குகள் உள்ள வயலின்மேல் வைக்கோலைப் பரப்பி எரித்துப் பார்த்தார்கள். தீயும் புகையும் பட்ட வயல் முந்திப் பூத்தது. புகையில் உள்ள எத்திலீன் வாயுவே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும் நமக்கு அந்த வாயுவின் குணம் பழகியதுதான். வெப்பமும் வறட்சியும் தீயும் இந்தச் செடிகளுக்குப் பூக்கச் சொல்லும் சைகைகள். தோட்டக்காரர் அந்தச் சைகைகளை மறைக்காமல் இருந்தால் போதும்.

ட்யூலிப்பை இதோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ட்யூலிப் மைய ஆசியாவின் தியன் ஷான் மலைப்பகுதிகளிலிருந்து வந்தது. அதற்கும் வறண்ட கோடை பிடிக்கும். ஆனால் நாம் படங்களில் பார்க்கும் பெரிய ஹாலந்து ட்யூலிப்புகளுக்குக் கோடைக்குப் பின் 12 முதல் 16 வாரக் கடுங்குளிர் வேண்டும்; இல்லாவிட்டால் தண்டு நீளாமல் பூ இலைகளுக்குள்ளேயே முடங்கிவிடும். ஃபீனிக்ஸில் அந்தக் குளிர் கிடையாது. ஆகவே அங்குள்ளவர்கள் கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டு வாரக்கணக்கில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார்கள். பக்கத்தில் ஆப்பிள் இருந்துவிடக் கூடாது; பழம் வெளிவிடும் எத்திலீன் உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். நார்சிசஸை எழுப்பும் அதே வாயு ட்யூலிப்பைக் கெடுக்கிறது. டிசம்பர் வாக்கில் நட்டால் பூ வரத்தான் செய்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் பூத்து முடிந்த பிறகு இலைகள் வெயிலில் உணவு சமைத்துக் கிழங்கை மறுபடி நிரப்ப எட்டுப் பத்து வாரமாவது வேண்டும். பாலையின் ஏப்ரல் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. கிழங்கு சூம்பிவிடுகிறது, அடுத்த ஆண்டு புதிதாக வாங்க வேண்டும். இதை ஒரு குற்றமாகச் சொல்ல மாட்டேன். பூச்செண்டு வாங்குவதுபோல ஒரு மகிழ்ச்சிக்காகச் செய்வதென்றால் செய்யலாம். ஆனால் அதைத் தோட்டம் வளர்ப்பது என்று சொல்ல முடியாது. நட்ட இடத்தில் தங்கி, பெருகி, ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகப் பூப்பதுதான் தோட்டம்.

ட்யூலிப்தான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஈரானிலிருந்து மேற்கு இமயம் வரை காட்டில் வளரும் லேடி ட்யூலிப், உள்ளே வெள்ளையும் வெளியே சிவப்புக் கோடுமாக மெலிந்த உருவம் உடையது. லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தை 1590களில் உருவாக்கிய கரோலஸ் க்ளூசியஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதற்குக் குளிர் மிகக் குறைவாகவே போதும். டூசான் போன்ற இடங்களில் நிலைத்துப் பெருகவும் செய்யும். ஆனால் பாலைத் தோட்டக்காரருக்கு உண்மையான புதையல் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அந்நாட்டின் தென்மேற்கு முனையில், குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் கொண்ட கேப் பகுதியில் சுமார் 9,000 வகைத் தாவரங்கள். மூன்றில் இரண்டு பங்கு வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் கிழங்குச் செடிகள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். ஃப்ரீசியா, ஸ்பராக்சிஸ், இக்சியா, லாக்கனேலியா, பபியானா எல்லாம் அங்கிருந்து வந்தவை. கேப் பகுதிக்கு வடக்கே வறண்ட மேட்டுநிலத்தில் உள்ள நியூவௌட்வில் என்ற சிற்றூருக்கு உலகக் கிழங்குகளின் தலைநகரம் என்றே பெயர். பபியானா என்ற பெயர் பபூன் குரங்கைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கிழங்கைத் தோண்டித் தின்பதில் பபூன்கள் கெட்டிக்கார இனம். தென்கோளத்தில் ஆகஸ்டும் செப்டம்பரும்தான் பின்பனி. வடக்கே கொண்டுவந்து அக்டோபரில் நட்டால் இவை புதிய கணக்கைக் கற்றுக்கொண்டு பிப்ரவரி, மார்ச்சில் பூக்கின்றன. சில வகைகளின் வேர் சுருங்கி, கிழங்கைத் தானே கீழே இழுத்துத் தனக்கு வேண்டிய ஆழத்தில் வைத்துக்கொள்ளும் என்பது அறிந்து வியக்க வேண்டிய சங்கதி.

நடும் முறை எளிது. ஆனால் மண்ணைப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். சொனோரன் மண் காரத்தன்மை உள்ளது. பல இடங்களில் ஓரடி, இரண்டடிக்குக் கீழே கலீச்சி என்ற சுண்ணாம்புப் படலம் கடப்பாரை இறங்காத கெட்டியாகக் கிடக்கும். நம் கொங்கு நாட்டுச் சுக்கான்பாறைக்கு உறவு. அந்தப் படலத்தின்மேல் தண்ணீர் தேங்கினால் எந்தக் கிழங்கும் தாங்காது. ஆகவே உடைத்து வழிவிட வேண்டும், முடியாவிட்டால் மேலே மண்ணும் சரளையும் சேர்த்து மேடு கட்டி அதில் நட வேண்டும். இரவுகள் குளிரத் தொடங்கும் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை நடவுக்காலம். சிறிய கிழங்குக்கு நான்கு விரல் ஆழம், நார்சிசஸுக்கு ஒரு சாண். நட்டதும் நன்றாக நனைத்துவிட்டு, இலை வந்தபின் மழை தவறினால் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர். பூ உதிர்ந்ததும் இலையை அறுத்துவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். முற்றம் அலங்கோலமாகத் தெரியும்தான். ஆனால் அடுத்த ஆண்டின் பூ அந்த வாடும் இலையில்தான் சேமிப்பாகிக்கொண்டிருக்கிறது. தானாக மஞ்சளாகிச் சாயும்வரை விட்டுவிட வேண்டும், சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்த வேண்டும். எலிகளும், பன்றியைப்போல் கூட்டமாக வந்து தோண்டும் ஹாவெலினாவும் கிழங்குகளுக்கு எமன். நார்சிசஸில் லைக்கோரின் என்ற நஞ்சு இருப்பதால் அவை அதைத் தொடுவதில்லை. மற்றவற்றுக்குக் கம்பி வலைதான் காவல்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கேப் கிழங்குகளுக்கு வறண்ட கோடை வேண்டும் என்றால், ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டும் டூசானில் அவை எப்படிப் பிழைக்கும்? மொஹாவே பாலைக்கோ கலிபோர்னியாவுக்கோ இந்த வாதம் பொருந்தலாம், சொனோரனுக்கு எப்படிப் பொருந்தும்? மறுப்பில் உண்மை இருக்கிறது. கொதிக்கும் மண்ணில் ஈரமும் சேர்ந்தால் உறங்கும் கிழங்கு வெந்து அழுகும். ஆனால் கோடை மழையின் குணத்தையும் பார்க்க வேண்டும். அது வேகமாக வந்து, பெரும்பகுதி மேலாகவே ஓடி, மிச்சம் ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். சரளை கலந்த மேட்டில் அந்த ஈரம் தங்குவதில்லை. கிழங்குகளைக் கொல்லும் ஈரம் பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதில்லை. சொட்டுநீர்க் குழாயிலிருந்து வருகிறது. எலுமிச்சைக்கும் செம்பருத்திக்கும் கோடை முழுவதும் தண்ணீர் விடும் அதே குழாய் வரிசையில் கிழங்கையும் நட்டுவிடுகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை நாள்தோறும் நனையும் மண்ணில் எந்தக் கிழங்கும் உறங்க முடியாது. கிழங்குக்குத் தனி இடம், தனிக் குழாய், அந்தக் குழாய்க்கு ஐந்து மாதம் பூட்டு. இதைச் செய்தும் அழுகும் நுண்ணிய வகைகளுக்குத் தொட்டிதான் சரி. இலை காய்ந்ததும் தாழ்வாரத்துக்குள் நகர்த்தி மழை படாமல் வைத்துவிடலாம். கோடை மழையிலேயே விழித்துப் பூக்கும் மழை லில்லி போன்றவை தனி இனம். அவற்றுக்குத் தோட்டத்தின் வேறு மூலையைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு தண்ணீரைப் பற்றியது, அது அறம் சார்ந்த மறுப்பு. கொலராடோ ஆற்றிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, மேட்டுக்கு ஏற்றித்தான் ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் தண்ணீரில் ஒரு பெரும்பங்கு வருகிறது. 2021 ஆகஸ்டில் வரலாற்றிலேயே முதன்முறையாக அந்த ஆற்றில் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு அரிசோனாவின் பங்கு குறைக்கப்பட்டது. இந்த நிலையில் அழகுக்காகப் பூ வளர்ப்பது தகுமா? என் பதில், இந்தப் பூக்கள்தான் தகும் என்பது. ஜூன் மாதத்தில் ஒரு சதுர அடி நிலத்திலிருந்து ஆவியாகும் நீர் ஜனவரியில் ஆவியாவதைவிட மூன்று, நான்கு மடங்கு. கோடையில் பூக்கும் தோட்டம் அந்த மடங்கையெல்லாம் குடிக்கும். பின்பனித் தோட்டம் ஆவியாதல் குறைந்த மாதங்களில், பாதித் தேவையை மழையே தரும் மாதங்களில் வளர்ந்து, மற்றவை தண்ணீர் கேட்கும் காலத்தில் வாயை மூடிக்கொள்கிறது. அங்கே உண்மையில் தண்ணீர் குடிப்பது புல்வெளி. நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் ஃபீனிக்ஸின் கோடைப் புல்வெளி. குளிரில் அது பழுப்பாவது பொறுக்காமல் அக்டோபரில் அதன்மேல் ரை புல்லின் விதையைத் தூவி, முளைக்கும்வரை நாளுக்குப் பலமுறை நீர் தெளித்து ஆண்டு முழுவதும் பச்சையாக வைத்திருக்கிறார்கள். கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் ஒரு பாத்திக் கிழங்குக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் அதுவே போதும். டூசான் நகராட்சி, புதிய வணிகக் கட்டடங்கள் தோட்டத்துக்கு வேண்டிய நீரில் பாதியை மழைநீரிலிருந்தே பெற வேண்டும் என்று 2008இல் விதி செய்தது. அந்தப் பாதையில் இயல்பாகப் பொருந்தும் தோட்டம் இதுதான்.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. வெளிநாட்டுக் கிழங்குகளை எதற்குக் கொண்டுவர வேண்டும்? வேலி தாண்டிப் பாலைக்குள் போய்விட்டால்? இது வெறும் கற்பனைப் பயம் என்று தள்ள முடியாது. தென்னாப்பிரிக்காவிலிருந்தே வந்த ஸ்டிங்க்நெட் என்ற மஞ்சள் உருண்டைப்பூச் செடி, இதே குளிர்காலக் கணக்கில் முளைத்து, இன்று ஃபீனிக்ஸைச் சுற்றிக் காட்டுத்தீக்கு விறகாகக் காய்ந்து கிடக்கிறது. அதைவிடப் பெரிய பாடம் ஒரு புல்லில் இருக்கிறது. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் மாடுகளுக்கு உயிரான கொழுக்கட்டைப் புல், மண்ணரிப்பைத் தடுக்கவும் தீவனத்துக்காகவும் அமெரிக்காவின் தென்மேற்குக்கு இருபதாம் நூற்றாண்டில் கொண்டுபோகப்பட்டது. எரிந்து பழகாத சொனோரன் பாலைக்கு அது தீயைக் கற்றுக்கொடுத்துவிட்டது. நூற்றாண்டு வாழும் சகுவாரோ கள்ளி அந்தத் தீயில் மாண்டுபோகிறது. தன்னார்வலர்கள் குன்றுகுன்றாக ஏறிக் கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதன் மறுபக்கம் நமக்குத் தெரியும்: அமெரிக்கக் கண்டத்துச் சீமைக் கருவேலம் நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டது. அதன் தமக்கை மரமான மெஸ்கீட், சொனோரனில் பூர்வகுடிகளுக்குக் காய் கொடுத்துச் சோறுபோட்ட மரம். செடியில் நல்லது கெட்டது இல்லை, இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே வரம்பு வேண்டும். காட்டை ஒட்டிய வீடுகளில் உள்ளூர்ச் செடிகள் மட்டுமே என்று நானும் சொல்வேன். காற்றில் பறக்கும் ஆயிரக்கணக்கான விதை போடும் ஒருபருவச் செடிகளை எங்குமே வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. நம் புளியாரையின் இனமான மஞ்சள் ஆக்சாலிஸ் கேப் பகுதிக் கிழங்குதான். கலிபோர்னியாவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் அடங்காத களையாகிவிட்டது. அதைத் தவிர்த்தே ஆக வேண்டும். ஆனால் நகரத்தின் நடுவே, நாற்புறமும் தார்ச்சாலை சூழ்ந்த முற்றத்தில், விதையால் வேகமாகப் பரவாமல் பக்கக் கிழங்கால் மெல்லப் பெருகும் ஃப்ரீசியாவையும் நார்சிசஸையும் இவற்றோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

உள்ளூர்ச் செடிகள் மட்டுமே போதும் என்கிறவர்களுக்கும் பின்பனி குறை வைப்பதில்லை. சூப்பரோசா என்ற சிவப்புப்பூப் புதர், நம் வேலியோர ஆடாதோடையின் பேரினத்தைச் சேர்ந்தது. குளிர்காலக் கடைசியில் குழல்குழலாகப் பூத்து, தேன்சிட்டின் வேலையை அந்தக் கண்டத்தில் செய்யும் ஹம்மிங்பறவைக்கு உணவாகிறது. காஸ்டா ஹம்மிங்பறவை இந்தப் பாலையில் கூடு கட்டுவதே பின்பனியில்தான். அந்த நேரத்தில் பூ இல்லாவிட்டால் குஞ்சுக்குத் தீனி தேடும் தாய்க்குப் பலம் இல்லை. பாரி பென்ஸ்டிமன் இளஞ்சிவப்பிலும் ஈட்டன் பென்ஸ்டிமன் பளிச்சென்ற சிவப்பிலும் ஆள் இடுப்பு உயரத்துக்குக் கதிர் எழுப்பும். அக்டோபரில் விதையைத் தூவி லேசாக மண்ணைக் கிளறிவிட்டால் போதும், வந்த இடத்தில் தானே மறுபடி முளைத்துக்கொள்ளும். குளோப்மாலோ நம் துத்தியின் குடும்பம், ஆரஞ்சு நிறம். உள்ளூர் என்பதைச் சற்று விரித்துக்கொண்டால், டெக்சஸ் மவுண்டன் லாரல் என்ற சிறுமரம் ஊதாக் கொத்தாகப் பூத்துத் திராட்சைக் குளிர்பானம்போல் மணக்கும். விதை மட்டும் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும். ஊதாநிறப் புளூ டிக்ஸ் உள்ளூர்க் கிழங்குகளில் வீட்டுக்கு இணங்கிவரும் இனம். ஆஹோ லில்லியோ தோட்டத்துக்கு வர மறுக்கிறது, அதை அது வளரும் மணலிலேயே போய்ப் பார்க்க வேண்டும். தோண்டி எடுப்பது இழப்பைத் தவிர வேறெதையும் தராது.

கடைசியாக ஒரு குறை சொல்வார்கள்: எட்டு வாரப் பூவுக்காக ஆண்டின் பாதியில் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. செங்காந்தளை வளர்த்தவர்கள் அறிவார்கள். தை, மாசியில் கொடி காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும், கோடை முழுவதும் கலப்பை வடிவக் கிழங்கு மட்டும் உள்ளே கிடக்கும், மழை தொட்டதும் மறுபடி கொடி. நம் காந்தள் வறட்சியில் உறங்கி மழையில் எழுகிறது, அங்குள்ள கிழங்கு வெயிலில் உறங்கிக் குளிர்தூறலில் எழுகிறது, முறை ஒன்றுதான். வெற்றிடமாகத் தெரியாமல் இருக்க அகேவும் கள்ளியும் பாலோ வெர்டே மரமும் முற்றத்துக்கு எலும்புக்கூடாக நிற்கட்டும்; அவற்றின் நடுவே கிழங்குகள் தோன்றி மறையட்டும். குளிர்காலங்கள் மெல்லச் சூடேறிவருவதால் ஹாலந்து ட்யூலிப்புக்கு இந்த நிலம் இன்னும் தூரமாகும் என்பது உறுதி. வெப்பத்தையே சைகையாகக் கொண்ட கிழங்குகளுக்கும் குளிர்ந்த பின்பனி இரவுகள் வேண்டும், அவையும் முழுக்கத் தப்பிவிடும் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் தாங்கக்கூடியவை இவைதான். ஜூலை நடுப்பகலில், வெறுங்காலை வைக்க முடியாத அந்தச் சரளை மேட்டில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. ஒரு சாணுக்குக் கீழே, தாள்போல் காய்ந்த தோலுக்குள், நார்சிசஸ் கிழங்கின் நடுக்குருத்தில் அடுத்த மாசிக்கான பூங்கொத்து கடுகளவாக உருவாகிக்கொண்டிருக்கும்.